கிணற்றில் விட்ட கெண்டைகள்

என் மேலுதட்டில் ஒரு தையல் வரி இருக்கிறது. பிறக்கும்போதே உதடு மூக்குவரைக்கும் பிளந்திருந்ததாம். மதராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்த் தைத்தார்கள். தைத்தவர் கைகாரர்தான், ஆனாலும் நான் வளர வளர அந்த வரியும் கூடவே வளர்ந்தது. விழுப்புரத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் வாத்தியார்கள் மட்டும்தான். மற்றவர்களுக்கு நான் 'தையல்வாய்'. நானும் சும்மா இருந்தவளில்லை. அப்படிக் கூப்பிட்டவளின் பின்னலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். என்னைப் பற்றிப் புகார் வராத வாரம் கிடையாது என்று அம்மா சொல்லுவாள்.

ஊரார் உற்றுப் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. அப்பா பார்க்காமல் இருந்ததுதான் பழகவில்லை. என்னோடு பேசும்போது அவர் கண் என் நெற்றியில் இருக்கும், இல்லாவிட்டால் காதுக் கம்மலில் இருக்கும். நான் வாய்விட்டுச் சிரித்தால் அவருக்கு உடனே துண்டு காணாமல் போய்விடும், தேட எழுந்துவிடுவார். பாசம் இல்லாத மனிதர் என்று சொல்ல முடியாது. ரயில்வே ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க். டியூட்டி முடிந்து வரும்போது எனக்கென்று ஏதாவது வாங்காமல் வரமாட்டார். சைக்கிளில் முன் பாரில் உட்கார வைத்து ஊரெல்லாம் சுற்றிக் காட்டுவார். அப்படிப் போகும்போதுதான் அவர் என்னோடு தாராளமாகப் பேசுவார், கதை சொல்வார், கிண்டல் செய்வார். அவருக்கு அப்போது தெரிவது என் பின்னந்தலை மட்டும்தானே.

அப்பாவுக்கு என் முகம் பிடிக்கவில்லை என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன். பதினோரு வயதுப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய துக்கம் என்ன இருக்கப்போகிறது? கண்ணாடியில் பார்த்து, உதட்டை உள்ளுக்கு இழுத்து மடித்துக்கொண்டு சிரிக்கப் பழகினேன். கிழவி மாதிரி இருக்கிறது என்று அம்மா தலையில் குட்டினாள். அதோடு அதையும் விட்டுவிட்டேன்.

காரணம் தெரிந்தது ஒரு பொங்கலுக்கு. முகையூர்ப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, அப்பாவுக்கு அக்கா, ஒரு மூட்டை மல்லாட்டையோடு, அதுதான் வேர்க்கடலை, வந்திறங்கியிருந்தாள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், கரிநாள் அன்று, மரக்காணத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவிடம் என் அம்மா வஞ்சிரம் வாங்கினாள். குழம்பில் புளி ஜாஸ்தி என்று அத்தை ஆரம்பித்தாள். சம்பந்தமே இல்லாத பழைய கணக்கெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நடுவில் நான் போய் அம்மாவுக்குப் பரிந்து ஏதோ துடுக்காகச் சொல்லிவிட்டேன். அத்தை என் பக்கம் திரும்பவில்லை. என் அம்மாவைப் பார்த்தே சொன்னாள்.

"மாசமா இருக்கறவ புருசன் ஒரு ஈ எறும்பக்கூட அடிக்கமாட்டான். உம்புருசன் தூண்டிலத் தூக்கிக்கினு ஏரிக்கரையே கதின்னு கெடந்தான். மீனு வாயில முள்ள மாட்டி மாட்டிக் கிழிச்சான். புள்ள வாயி கிழிஞ்சி பொறந்திச்சி. அப்பவே நீ தடுத்திருக்கணும்."

அம்மா என் முகத்தைத்தான் பார்த்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார். அன்றைக்குச் சாயங்காலம் அத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் அம்மாவை விடவில்லை. கேட்டுக் கேட்டுப் பேஜார் பண்ணி, மாவு இடிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் பின்னாலேயே நின்று, துண்டு துண்டாக அவள் வாயிலிருந்து பிடுங்கினேன். அப்பாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தூண்டில் பைத்தியம். டியூட்டி இல்லாத பொழுதெல்லாம் ஊருக்குக் கிழக்கே இருக்கிற ஏரியில்தான் இருப்பார். சாப்பாட்டுக்காக இல்லை, அது ஒரு ஆசை. பாண்டிச்சேரி வெள்ளைக்காரன் கையில் இருந்த காலத்தில், ரயில் லைனில் வேலை பார்த்த சிநேகிதர் மூலம் அங்கிருந்து தூண்டிலுக்கு நைலான் நரம்பு வரவழைத்து வைத்திருந்தாராம். அம்மாவுக்கு முதலில் இரண்டு கரு தங்கவில்லை. மூன்றாவதாக நான் தங்கினேன். பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருஷன் உயிர்க்கொலை செய்யக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள கட்டுப்பாடு. கோழி அறுக்கக்கூடாது, பாம்பு வந்தாலும் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிடவேண்டும், பிணம் தூக்கக்கூடாது. அடுத்தவர் கொன்று கொடுத்தால் தாராளமாகத் தின்னலாம், அதற்குத் தடையில்லை.

அப்பா கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்திருக்கிறார். கை சும்மா இருக்கவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பிடிப்பது, உடனே தண்ணீரிலேயே விட்டுவிடுவது. கொன்றால்தானே பாவம்? ஏரிக்கரையில் அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத விஷயம் அது. பிடித்த மீனைத் திரும்ப விடுகிற மனிதரைப் பார்த்து மாடு மேய்க்கிறவர்கள் சிரித்தார்களாம். அம்மா கேட்டதற்கு, "நான் எங்க கொல்றேன்? வுட்டுட்டுதான வர்றேன்" என்று சொன்னாராம். அம்மாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டிருக்கிறது.

பிறகு நான் பிறந்தேன். துணியை விலக்கி என் முகத்தைப் பார்த்ததும் அப்பா நேராக வெளியே போய், கழியை முறித்து, முள், நரம்பு எல்லாவற்றையும் சேர்த்து ஏரியில் எறிந்துவிட்டு வந்தாராம். இது யார் குழந்தைக்கும் வரக்கூடியது, அப்பன் செய்த எதனாலும் இல்லை என்று மதராஸ் டாக்டர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அது அப்பாவின் காதுக்குப் போனது, அதற்குக் கீழே இறங்கவில்லை.

இதையெல்லாம் கேட்டபோது எனக்கு வந்தது அழுகை இல்லை, சந்தோஷம். உண்மையாகத்தான் சொல்கிறேன். அப்பாவுக்கு என் முகம் பிடிக்காமல் இல்லை, பயமாக இருக்கிறது. அவ்வளவுதானா? பயத்தைத் தீர்த்துவிட்டால் போகிறது. அத்தை மேல் வந்த ஆத்திரம் வேறு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா விட்ட மீனெல்லாம் உயிரோடு இருந்திருந்தால் அப்பா கொல்லவில்லை, கொல்லவில்லை என்றால் பாவம் இல்லை, பாவம் இல்லை என்றால் என் உதட்டுக்கு அவர் பொறுப்பில்லை. பதினோரு வயதில் எனக்கு அது கோர்ட்டில் நிற்கக்கூடிய வாதமாகத் தோன்றியது. ஒரே ஒரு சாட்சிதான் வேண்டும். தூண்டிலில் மாட்டி, விடுபட்ட பிறகும் உயிரோடு இருக்கிற மீன்.

ஏரியில் விட்ட மீனைப் பின்னால் போய்ப் பார்க்க முடியாது. எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணறு இருந்தது. உப்புத் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் மட்டும் ஆகும். கொசுப்புழு தின்னட்டும் என்று கிணற்றில் மீன் விடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். அம்மாவிடம் அதையே சொல்லிவைத்தேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, சரி என்றாள்.

கடைத்தெருவில் முள்ளும் நூலும் வாங்கினேன். பந்தல் கழி ஒன்றை உருவிக்கொண்டேன். சோளத்தட்டைத் துண்டுதான் தக்கை. சாணி பொறுக்குகிறேன், கீரை பறிக்கிறேன் என்று கூடையோடு கிளம்பி, ஏரிக்குப் போகிற வாய்க்காலில் தாழம்புதர் மறைவாகப் பார்த்து உட்காருவேன். பொம்பளைப் பிள்ளை தூண்டிலோடு உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்தால் தெரு சிரித்துவிடும். கூடைக்குள் மூடி போட்ட அலுமினியத் தூக்கு இருக்கும், மீன் போட.

முதல் கெண்டை மாட்டியது. அதை மண்ணில் போட்டு, துள்ளாமல் இருக்க பாவாடைத் துணியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பிடுங்கினேன். முள்ளோடு உதட்டில் ஒரு துணுக்கும் வந்தது. அந்தத் துணுக்கை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை தானாக என் வாய்க்குப் போயிற்று. இனி வேண்டாம், வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மீன் தூக்குக்குள் நீந்திக்கொண்டிருந்தது. சாட்சி ஒன்று கிடைத்துவிட்டதே என்று தைரியம் வந்து மறுபடியும் புழுவைக் கோத்தேன்.

வெயிலில் அலுமினியம் சுடும். வீடு வந்து சேர்வதற்குள் தூக்கிலிருக்கும் தண்ணீர் வெதுவெதுவென்று ஆகிவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கிணற்றில் கவிழ்த்ததும் ஒரு கணம் மல்லாந்து கிடந்துவிட்டு, பிறகு புரண்டு உள்ளே போகும். போவதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். சில மீன் முள்ளைத் தொண்டைவரை விழுங்கியிருக்கும். எடுக்க வராது. ஒரு தடவை குச்சியை விட்டு நெம்பிப் பார்த்தேன். அதைச் சொல்லவே இப்போதும் கூசுகிறது. அதன் பிறகு அப்படி மாட்டினால் நூலை மட்டும் அறுத்து, முள்ளோடு விட்டுவிடுவேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராகக் கிணற்றடிதான். ஒருநாள் ஒன்று வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. முள் விழுங்கினதுதான், வாயோரத்தில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் பார்ப்பதற்குள் வாளியை விட்டு மொண்டு, எலுமிச்சை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். இது கணக்கில் சேராது, இது என் தப்பு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்னொருநாள் இன்னொன்று. அதையும் அங்கேயே புதைத்தேன். விட்டதைவிடக் கிணற்றில் கண்ணுக்குத் தெரிவது குறைவாக இருந்தது உண்மைதான். கிணற்றுக் கல் இடுக்குகளில் ஒளிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தோதாக இருந்ததை நான் நம்பினேன்.

குறையக் குறைய மேலும் பிடித்துக்கொண்டு வந்தேன். இங்கேதான் இன்னொன்றையும் சொல்லவேண்டும். கொஞ்சநாளில் எனக்கு சாட்சி, அப்பா, அத்தை எல்லாம் மறந்துபோக ஆரம்பித்தது. தக்கை ஒருமுறை நடுங்கி, பிறகு சடாரென்று உள்ளே போகும்போது மணிக்கட்டில் ஒரு இழுப்பு வருமே, அதற்காகவே போனேன். அந்த இழுப்பில் உடம்பு முழுக்க ஒரு துடிப்பு ஓடும். அப்பாவால் ஏன் அந்த மாசங்களில்கூட இதை விட முடியவில்லை என்பது எனக்கு அப்போது நன்றாகப் புரிந்தது. அவர் மேல் இரக்கம் வந்தது. என் மேல் வரவேண்டிய பயம் வரவில்லை.

சித்திரை வெயிலில் கிணற்றுத் தண்ணீர் தெளிந்தது. உச்சிவேளையில் வெளிச்சம் நேராக இறங்கும்போது அடிவரை தெரியும். அப்பா வீட்டிலிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். பொரியை அள்ளிப் போட்டேன். மீன்கள் மேலே வந்தன. அதில் ஒன்றுக்கு மேல்வாய் ஓரத்தில் ஒரு வெட்டு இருந்தது. ஆறி, ஓரம் வெளுத்து, நன்றாகத் தெரிந்தது. அந்த வாயாலேயே அது பொரியைக் கவ்விக் கவ்வித் தின்றது.

"அப்பா, இதெல்லாம் நான் தூண்டில்ல புடிச்சிக்கினு வந்து வுட்டது. ஒண்ணுகூட சாவல. நீங்க வுட்டதும் இப்டிதான் பொழைச்சிருக்கும். அத்தை சொன்னது பொய்யி."

மனப்பாடம் செய்து வைத்திருந்ததால் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன். அப்பா கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து என் பக்கம் திரும்பினார். நெற்றியைப் பார்க்கவில்லை, கம்மலைப் பார்க்கவில்லை. என் முகத்தை, என் உதட்டை, நேராகப் பார்த்தார்.

"ஆமாம் பாப்பா. ஒண்ணுகூட சாவல" என்றார்.

நான் சிரித்தேன். அவர் துண்டைத் தேடவில்லை. நானும் கூட அந்த நிமிஷம் அழகிதான் என்று எனக்குத் தோன்றியது. உலகத்திலேயே எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான், அதை நானே சம்பாதித்துக்கொண்டேன் என்று தலைகால் புரியாமல் குதித்தேன். இனிமேல் தூண்டில் மட்டும் வேண்டாம் பாப்பா, பொம்பளைப் புள்ளைய யாரனா எதனா சொல்லுவாங்க என்று அப்பா சொன்னார். கழியைப் பந்தலிலேயே செருகிவிட்டேன்.

அதன் பிறகு அப்பா என்னைப் பார்த்துப் பேசினார். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து கதை சொன்னார். பள்ளிக்கூடத்துப் பின்னல்கள்கூட என் கையிலிருந்து தப்பித்தன. எனக்குத்தான் கோபமே வருவதில்லையே. இன்னொரு மாற்றம், அப்பா மீன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அம்மா எங்களுக்கு மட்டும் குழம்பு வைத்தாள். நான் அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

அறுபதுகளின் கடைசியில் என்னைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு பெரியம்மா உதட்டைப் பற்றிக் கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையே, அது பேச்சுக்கு ஒன்றும் தடையாக இல்லையே, இங்கே வந்ததிலிருந்து அந்தப் பொண்ணு மட்டும்தான் பேசிக்கினு இருக்கு என்று சொல்லிவிட்டார். சபை சிரித்துவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் சரி என்றேன். மல்லாட்டை மண்டியில் வேலை அவருக்கு. எலிப்பொறி வைத்தாலும் பொறியில் விழுந்த எலியைத் தூரமாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிற பிறவி.

நான் மாசமானேன் என்று தெரிந்ததும் அப்பா திண்டிவனத்துக்கு அடிக்கடி வர ஆரம்பித்தார். முன்பெல்லாம் தீபாவளிக்கு வந்தால் உண்டு. இப்போது வாரம் தவறாமல் ரயிலேறி வந்துவிடுவார். என்னைவிட என் புருஷனைத்தான் கவனிப்பார். பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கை தொடையில் கொசு அடிக்க ஓங்கினால் அப்பா முகம் மாறிவிடும்.

"கொசுவக்கூட வாணாம் மாப்ள. கொழந்த பொறக்கறவரைக்கும்தான. ஊதி வுட்டுடுங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஊதி ஊதி உங்கள் மாப்பிள்ளைக்குக் கன்னம் வீங்கிவிடும் என்று கேலி செய்தேன். ஊரில் எல்லா அப்பாக்களும் சொல்கிற சம்பிரதாயம்தானே என்று இருந்துவிட்டேன். கொஞ்சம் யோசித்திருக்கலாம். மகிழ்ச்சியாக இருக்கிறவளுக்கு யோசிக்க எங்கே நேரம்?

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பதால் விழுப்புரத்துக்கு அழைத்துப்போக நாள் பார்த்து வைத்திருந்தார்கள். அதற்கு முன்பே வலி கண்டுவிட்டது. திண்டிவனம் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். தகவல் போய் அம்மாவும் அப்பாவும் வந்து சேர்ந்தார்கள். அம்மா உள்ளே என்னோடு இருந்தாள். அப்பா வராந்தாவில். காலை நேரம், நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. குழந்தையைத் துடைத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஆயா சேதி சொல்ல வெளியே போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. பொம்பளைப் பிள்ளை, தாயும் சேயும் சௌக்கியம் என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அதற்கு அப்பா கேட்டதும் கேட்டது.

"வாயி எப்டிம்மா இருக்கு?"

ஆயாவுக்குப் புரியவில்லை. அப்பா மறுபடியும் கேட்டார். "கொழந்த வாயி. ஒதடு நல்லாருக்கா?"

எனக்கு உடம்பு அசதியெல்லாம் போய்விட்டது. எந்த மனிதர் கிணற்றடியில் நின்று ஒண்ணுகூட சாவல என்று தம் வாயால் சொன்னாரோ, அந்த மனிதர் கேட்கிற கேள்வியா இது? நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் குழந்தையின் துணியைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விடாமல் கேட்டேன். என் குணம் அவளுக்குத் தெரியும்.

அப்பாவுக்கு அந்த வருஷம் ராத்திரி டியூட்டிதான் அதிகம். விடிகாலை வந்ததும் கிணற்றில் குளிப்பார். வீட்டில் முதல் வாளி அவர் இறைப்பதுதான். அந்த வாளியில் செத்த மீன் வந்தது, மறுநாளும் வந்தது. வாயோரம் கிழிந்திருந்ததைப் பார்த்ததும் அவருக்குத் தூண்டில் என்று புரிந்துவிட்டது. யார் செய்கிறார்கள், எதற்குச் செய்கிறார்கள் என்பதை அம்மா சொன்னாள். அத்தை பேசியபோது என் முகம் போன போக்கை அவள் பார்த்திருந்தாளே. நான் எழுந்து வருவதற்குள் மிதப்பதையெல்லாம் மொண்டு எலுமிச்சை மரத்தடியில் புதைத்துவிட்டுத்தான் அவர் படுக்கப்போவாராம். அங்கே தோண்டியபோது நான் புதைத்ததும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

"செத்தத எடுத்து எடுத்துப் பொதைச்சிக்கினு, நான் வுட்டதும் இப்டிதான செத்திருக்கும்னு தெனம் சொல்லுவாரு. அதுவரிக்கும் ஒருவேள பொழைச்சிருக்குமோன்னு ஒரு நெனப்பு அவுருக்கு இருந்துது. பாப்பாவுக்குத் தெரியவாணாம், அது நல்லதுக்குன்னு பண்ணுது, அதுவாவது நம்பிக்கினு இருக்கட்டும்னாரு" என்றாள் அம்மா.

அப்படியானால் அன்றைக்குக் கிணற்றடியில் நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துதான் அவர் என் முகத்தைப் பார்த்திருக்கிறார். தனக்காகப் பொய் சொல்கிற பிள்ளையின் முகத்தை எந்த அப்பனால் பார்க்காமல் இருக்க முடியும்? அதைத்தான் நான் ஜெயித்தேன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படுத்தபடியே கேட்டேன், அப்பா எப்படித்தான் மீனை விடுவார் என்று. அம்மா அந்த மாசங்களில் ஒருதடவை சாப்பாடு கொண்டுபோய் ஏரிக்கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். முள்ளில் மீன் நழுவாமல் இருப்பதற்குப் பின்புறம் திரும்பியிருக்கும் சின்ன முள்ளை அவர் அரத்தால் ராவி வழவழவென்று ஆக்கி வைத்திருந்தாராம். மாட்டிய மீனைக் கரையேற்றவே மாட்டார். முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, கையை நன்றாக நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே பிடித்து, லேசாகத் திருப்புவார். முள் தானாகக் கழன்றுவிடும். மீன் தெம்பு வந்து தானாகப் போகும்வரை கையை விரித்துவைத்துக்கொண்டு நிற்பார். எனக்கு மசக்கையா இருக்கு, ஒண்ணே ஒண்ணு வெச்சிக்கினு வாங்க என்று அம்மாவே கேட்டும் கொடுக்கவில்லையாம்.

நான் மண்ணில் போட்டுத் துணியால் அமுக்கியவள். உதட்டைப் பிய்த்தவள். தொண்டையில் குச்சி விட்டவள். சுடுகிற தூக்கில் அடைத்துச் சுமந்தவள். என் மீன்கள் செத்தது என் கையால். அவர் விட்டவை ஏரியில் குஞ்சு பொரித்து வம்சம் பெருக்கியிருக்கும். இருந்த ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு எப்படியோ நாளைத் தள்ளிக்கொண்டிருந்த மனிதருக்கு, விடிகாலைதோறும் ஒரு வாளி பொய்ச்சாட்சியை நான் இறைத்துக் கொடுத்திருக்கிறேன். அத்தை ஒருநாள் வாயால் சொன்னாள். நான் மாசக்கணக்கில் நிரூபித்தேன்.

அப்பா உள்ளே வந்தார். அம்மா குழந்தையை அவர் கையில் வைத்தாள். அவர் ஆள்காட்டி விரலால் அதன் மேலுதட்டை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தடவிப் பார்த்தார். திரும்பவும் தடவினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"அப்பா, அந்தக் கெணத்து மீனு செத்தது நான் புடிச்ச லட்சணத்தாலப்பா. எனக்குப் புடிக்கத் தெரில, வுடத் தெரில. நீங்க வுட்டது ஒண்ணும் செத்திருக்காது. நெசமாத்தான் சொல்றேன்" என்றேன்.

என் வாழ்க்கையில் அவரிடம் நான் சொன்ன பெரிய உண்மை அது. அவர் குழந்தையிடமிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தார். அன்பாகத்தான் பார்த்தார். பச்சை உடம்புக்காரியின் பேச்சுக்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேச மாட்டார்கள்.

"சரிம்மா" என்று தலையை ஆட்டினார். அன்றைக்குக் கிணற்றடியிலும் எனக்காகப் பொய் சொன்ன பிள்ளைதானே, இதுவும் அதுதான் என்று அவர் நினைத்தது எனக்குத் தெரிந்தது. அவர் குழந்தையின் உதட்டை மறுபடியும் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்.